முப்பத்தாறு பிள்ளை, முப்பத்தாறு பக்கம்

போன வாரம் பள்ளியிலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் என் நம்பரை அவர்கள் அழிக்காமல் வைத்திருப்பதே எனக்கு ஆச்சரியம். பேசியவள் ரம்யா. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர்.

"விமலா மிஸ், ஸ்கூலுக்கு வெள்ளி விழா மலர் போடறோம். நமது பாடத்திட்டம் வளர்ந்த கதைன்னு நீங்கதான் எழுதணும்."

"எவ்ளோம்மா எழுதறது?"

"ஒரே ஒரு பக்கம் மிஸ். உங்களுக்கு முன்னாடி பக்கம் கரஸ்பாண்டன்ட் சாருது. பின்னாடி பக்கம் யோகா மாஸ்டருது. உங்க பக்கத்த மட்டும் எழுதிக் குடுத்தா போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. புரிய வழியும் இல்லை, அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது. இப்போது பாடத்திட்டம் எல்லாம் ஒரு கம்பெனியிலிருந்து டேப்லெட்டில் வந்து இறங்குகிறதாம், பட்டனை அமுக்கினால் போதுமாம். அந்தக் காலத்தில் நீங்கள் எல்லாம் கையால் எப்படிச் செய்தீர்கள் என்று பாவம், உண்மையான ஆர்வத்தோடு கேட்டாள். சொல்கிறேன் ரம்யா. ஒரு பக்கத்தில் அடங்காது.

ஆசிரியர் பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வருடம் படித்தேன். தெர்மாகோலில் எரிமலை செய்யவும் சார்ட்டில் பார்டர் போடவும் கற்றுக்கொண்டேன். பிள்ளைகளைப் பற்றியும் ஒரு பேப்பர் இருந்தது. பிறகு மீஞ்சூரிலிருந்து தினமும் மின்சார ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த இந்தத் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர்ப்பலகை ஆங்கிலத்தில், வகுப்பறை தகரக் கூரையில், சுற்றிலும் புகைபோக்கி. அப்படி ஒரு பள்ளி.

எங்கள் தாளாளரைப் பற்றிச் சொல்லாமல் பாடத்திட்டத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றுதான். அவர் பள்ளி ஆரம்பிக்கும் முன் இருபது வருடம் ஓர் இரும்பு உருக்கு ஆலையில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தவர். ஆலையை விட்டு அவர் வந்தாரே தவிர, அவரை விட்டு ஆலை போகவில்லை. இடைவேளையை டீ பிரேக் என்பார். கோடை விடுமுறைக்கு ஷட்டவுன் என்று பெயர். வகுப்பை வகுப்பு என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை, லைன் என்பார். "நாலாம் லைன்ல ஏன் சத்தம்?" இதுதான் அவர் பேச்சு. குரலை உயர்த்த மாட்டார். நம் முகத்தையும் பார்க்க மாட்டார். பேசப் பேச, எதிரில் இருக்கும் தாளில் ஒரு கட்டம் போடுவார், அதிலிருந்து ஓர் அம்புக்குறி, அது போய் முட்டும் இடத்தில் இன்னொரு கட்டம். கடைசிக் கட்டம் போட்டதும் பேனாவை மூடி, "நோட் பண்ணிக்குங்க மிஸ்" என்பார். மூடி 'டிக்' என்று விழுந்த பிறகு கேள்வி கேட்கக் கூடாது. அது எழுதாத விதி.

நான் பாடத்திட்டத்துக்குப் பொறுப்பாளர் ஆனது என் அறிவைப் பார்த்து அல்ல. என் கையெழுத்து அழகாக இருக்கும். நான்கு கலர் ஸ்கெட்ச் பேனாவும் இரண்டடி ஸ்கேலும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டன. அடுத்த மாதமே என் பெயருக்குக் கீழே பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர் என்று கதவில் ஒட்டினார்கள்.

ஒவ்வொரு மே மாதமும் பாடத்திட்டக் குழு கூடும். குழு என்றால் தாளாளர், நான், மேசை விசிறி. சென்னையில் பெரிய பள்ளிகள் மூன்று நான்கின் விளக்கப் புத்தகங்களை அவர் எப்படியோ வாங்கி வந்திருப்பார். எதில் என்ன பத்தி நன்றாக இருக்கிறதோ அதற்கு டிக் அடிப்பார். நான் அதையெல்லாம் சார்ட்டில் ஏற்றுவேன். இப்படித்தான் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் குதிரையேற்றம் வந்தது. அது வேறொரு பள்ளியின் பக்கத்திலிருந்து தவறி வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, அடுத்த மேயில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். 'வாழ்க்கைத் திறன்' என்ற கட்டத்தில் ஷூ லேஸ் கட்டுதல் என்று போட்டிருந்தோம். எங்கள் பள்ளி ஷூவுக்கு லேஸ் கிடையாது, ஒட்டுப் பட்டைதான்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. சார்ட் சுவரில் தொங்கும், பிள்ளைகள் கீழே அவர்கள் பாட்டுக்குப் படிப்பார்கள்.

ஒரு வருடம் அவர் ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். பாடத்திட்டம் என்பது பிள்ளை வாழும் ஊரிலிருந்து வர வேண்டும் என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். "மிஸ், இந்த வருஷம் லோக்கல். சூழ்நிலையியலுக்கு நம்ம புக்கு நாமளே எழுதறோம். தமிழ்ல. முப்பத்தாறு பக்கம்."

"முப்பத்தாறுன்னு எப்படி சார் கணக்கு?"

"நாலாம் லைன்ல எத்தினி பேரு?"

"முப்பத்தாறு."

"நோட் பண்ணிக்குங்க மிஸ்." டிக்.

நான் அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வாழ்நாளில் முதல் தடவையாக, வெட்டி ஒட்டாத ஒரு வேலை. அந்தக் கோடை முழுக்க எழுதினேன். எளாவூர் சோதனைச் சாவடியில் லாரிகள் ஏன் வரிசையாக நிற்கின்றன, மீஞ்சூருக்குப் பக்கத்தில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குவது எப்படி, இரும்பு எப்படி உருகுகிறது, பழவேற்காடு ஏரியில் இறால் எப்போது வரும், எப்போது வராது. 'நம்மைச் சுற்றி' என்று பெயர் வைத்தேன். நல்ல புத்தகம். நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லப் போவதில்லை. ஏனென்றால் அதை முழுதாகப் படித்தவர்கள் மிகக் குறைவு.

ஜூனில் புத்தகம் அச்சாகி வந்தது, இரண்டே பிரதி. தாளாளர் ஒரு பிரதியைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார், பார்வையாளர்களுக்கு. இன்னொரு பிரதியின் தாள்களை வெட்டி, ஒரு பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து, முப்பத்தாறையும் தனித்தனியாக லேமினேட் செய்து, மேலே ஓட்டை போட்டு, நாடா கோத்துக் கொண்டுவந்தார்.

"ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம், மிஸ்."

எனக்குப் புரியவில்லை.

"ஒரு லைன்ல எல்லா ஆளும் எல்லா வேலையும் செஞ்சா இன்னா ஆவும்? ஒன்னும் வெளிய வராது. ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு ஆளு. அவனுக்கு அந்த ஒரு வேல சுத்தமா தெரியணும். ஆலைல தலைக்கு மேல வேலத்தாள் தொங்கும், இங்க கழுத்துல தொங்குது. அவ்ளோதான் வித்தியாசம். கிளாஸா சேர்ந்தா முழு புக்கும் தெரியும், இல்லியா?"

இந்த இடத்தில் நான் மறுத்துப் பேசினேன் என்று எழுத எனக்கு மிகவும் ஆசை. நான் சொன்னது இதுதான்: "வருகைப் பதிவு எண் வரிசைல குடுத்துட்டா குழப்பம் இருக்காது சார்." அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "குட்" என்றார். 'ஒவ்வொரு குழந்தையும் ஒரு நிபுணர்' என்று நானே சார்ட்டில் சிவப்பு ஸ்கெட்சில் எழுதினேன். பெற்றோர்கள் உருகிப்போனார்கள். எந்த அப்பாவுக்குத் தன் பெண் நிபுணர் என்றால் கசக்கும்?

கணக்கையும் விடவில்லை. நீள் வகுத்தலை நான்கு ஸ்டேஷனாகப் பிரித்தார். ஒரு பிள்ளை வகுக்கும், அடுத்தது பெருக்கும், அடுத்தது கழிக்கும், நான்காவது பிள்ளை மேலே இருக்கும் எண்ணைக் கீழே இறக்கும். கரும்பலகைக்கு முன்னால் நால்வர் வரிசையாக நிற்பார்கள், சாக்பீஸ் கைமாறும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மூன்று நிமிடத்தில் எட்டு கணக்கு முடிந்துவிடும்.

அச்சகத்தார் பக்கத்தை எங்கே வெட்டினார்களோ அங்கே வாக்கியமும் வெட்டுப்பட்டிருந்தது. பதினேழாம் பக்கம் இப்படித்தான் தொடங்கும்: "வந்து சேருகின்றன. கடல் நீரும் ஆற்று நீரும் கலப்பதால் இந்த ஏரியில் இறால் வளர்கிறது." எது வந்து சேருகிறது என்பது பதினாறாம் பக்கம், அது கோபிநாத்துடையது. கடைசி வரி: "முகத்துவாரம் மணலால் அடைபட்டுவிட்டால் ஏரிக்குள்". அவ்வளவுதான். ஏரிக்குள் என்ன ஆகும் என்பது பதினெட்டில், கௌசல்யாவின் கழுத்தில்.

பதினேழாம் எண் நித்யா. ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து பள்ளி வேனில் வருகிறவள். அப்பா ஏரியில் வலை போடுகிறவர். அம்மா தேசம்மா இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நித்யா தன் பக்கத்தைத் தண்ணீர் பட்ட பாடாக ஒப்பிப்பாள். 'வந்து சேருகின்றன' என்று ஒரு முழக்கத்தோடு தொடங்குவாள், 'ஏரிக்குள்' என்று சொல்லிவிட்டு டக்கென்று உட்காருவாள்.

ஒருநாள் ஒத்திகையின்போது நான், "முகத்துவாரம் அடைபட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன். கௌசி எழுந்து நிற்க வேண்டும். அவளுக்கு முன்னால் நித்யா துள்ளி எழுந்தாள். "மீனே வராது மிஸ்! எங்க அப்பா ஊட்லயே குந்திகினு இருப்பாரு!"

"அது உன் பக்கமா?" என்றேன். "உக்காரு. கௌசி சொல்லட்டும்."

தாளாளர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விதி அப்படி: அடுத்தவர் ஸ்டேஷனில் கை வைத்தால் பழுது. நித்யா உட்கார்ந்தாள். அந்த வருடம் அவள் மறுபடி அப்படி எழவே இல்லை. நானும் அதைக் கட்டுப்பாடு என்று நினைத்து மகிழ்ந்தேன்.

நவம்பரில் சென்னையிலிருந்து விருதுக் குழு ஒன்று வந்தது. கண்ணாடி அலமாரியிலிருந்த புத்தகத்தை அவர்களிடம் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் பிரித்துக் கேளுங்கள் என்றார் தாளாளர். பிரித்தார்கள், கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் சரியாக ஒரு பிள்ளை எழுந்தது, தயங்காமல் சொன்னது, உட்கார்ந்தது. ஓர் அம்மையார் கண்களைத் துடைத்துக்கொண்டார். கேடயம் வந்தது. இன்றும் ஆபீஸ் அறையில் இருக்கிறது, மலரில் அதன் படம் கட்டாயம் வரும்.

அடுத்த ஏப்ரலில் தேசம்மா என்னைத் தேடி வந்தாள். திருவள்ளூரில் ஒரு விடுதிப் பள்ளி. தேர்வும் நேர்காணலும் வைத்துச் சில பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஐந்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாவது வரை அங்கேயே வைத்துப் படிக்க வைக்கிறார்கள். "ஏரி போற போக்கப் பாத்தா இவ அங்க போனாத்தான் மிஸ் பொழப்பு" என்றாள். அவர்கள் ஊரில் ஒரு பெண் அங்கே படித்து இப்போது நர்ஸாக இருக்கிறாளாம். படிவத்தில் பள்ளியின் சான்று வேண்டும். நான் எழுதிக் கொடுத்தேன், என் அழகான கையெழுத்தில்: "நான்காம் வகுப்புப் பாடத்திட்டம் முழுவதையும் சிறப்பாக நிறைவு செய்துள்ளார்." கையெழுத்து, முத்திரை. பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. வகுப்புதான் முடித்துவிட்டதே.

நேர்காணலுக்குப் போன மறுநாள் தாயும் மகளும் பள்ளி வராந்தாவில் நின்றார்கள்.

"இன்னா மிஸ் இது? ரெண்டு பஸ் மாறி இட்டுகினு போனேன். புக்குல இன்னா படிச்சேன்னு கேட்டாங்க. ஒரு பக்கத்த கடகடன்னு சொன்னா. எல்லாரும் அசந்துட்டாங்க. அப்புறம் இன்னான்னா, அது கௌசி பக்கம்ன்றா. முன்னாடி இன்னான்னா, அது கோபி பக்கம்ன்றா. கணக்கு குடுத்தாங்க. எறக்கறது மட்டும்தான் என்னுதுன்னு சொல்லிகினு பேனாவ கீழ வச்சிட்டா!"

யாராவது கேட்கிறார்களா என்று நான் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"மொகத்துவாரம் அடச்சா இன்னா ஆவும்னு கேக்கறாங்க மிஸ். ரெண்டு மாசமா இவுங்க அப்பா வலைய காய வச்சிகினு ஊட்ல குந்திகினு இருக்காரு. எங்க குப்பத்துல கைக்கொழந்த கூட சொல்லும். இவுளுக்குத் தெரியாதாம்!" கை ஓங்கியது, பெண்ணின் முதுகில் விழுந்தது.

நித்யா அழவில்லை. அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "தெரியும்மா. ஆனா அது என் பக்கம் இல்ல. நான் சொன்னா மிஸ் திட்டுவாங்க."

இத்தனை வருட வேலையில் என்னை யாரும் இப்படி அறைந்ததில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. தப்பு உன் பெண்ணுடையதில்லை தேசம்மா, என்னுடையது என்று ஒரு வாக்கியம் போதும். நான் சொன்னது: "சின்னப் பொண்ணு, பயந்துட்டா. அடுத்த தடவ பாத்துக்கலாம்மா." அவர்கள் போய்விட்டார்கள். வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மத்தியானம் டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் தாளாளரிடம் போய் நின்றேன். விடுதிப் பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுங்கள், எங்கள் முறையில்தான் பிழை, பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்பு கொடுங்கள் என்று எழுதுங்கள் என்றேன். அவர் ஒரு கட்டம் போட்டார்.

"சர்டிபிகேட்ல கையெழுத்து யாருது மிஸ்?"

"என்னுது சார்."

"அப்ப அது உங்க ஸ்டேஷன்." டிக்.

அந்த மூடியின் சத்தத்துக்கு அதுவரை நான் பயந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்குப் போய்க் கோடு போட்ட தாளில் நானே எழுதினேன். "நித்யாவுக்கு நான் கொடுத்த சான்று பொய். அவளுக்கு நாங்கள் முப்பத்தாறு பக்கத்தில் ஒன்றையும், வகுத்தலில் நான்கில் ஒரு பங்கையும் மட்டுமே சொல்லிக் கொடுத்தோம். மீதி தெரிந்திருந்தும் அவள் வாய் திறக்காதது என் கண்டிப்பால். அவள் தோற்கவில்லை, நாங்கள் தோற்றோம்." சனிக்கிழமை கவரைப்பேட்டையில் பஸ் பிடித்து, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தேன்.

விடுதிப் பள்ளித் தலைமையாசிரியை வயதானவர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "சர்டிபிகேட் வாங்க வர்றவங்கள நெறைய பாத்திருக்கேன். குடுத்த சர்டிபிகேட்ட பொய்னு சொல்ல வந்தவங்க நீங்கதான் மொதல்" என்றார். ஓர் இடம் இன்னும் நிரம்பவில்லையாம். மூன்று வாரம் கொடுத்தார். "மூணு வாரத்துல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். "மிச்ச முப்பத்தஞ்சு பக்கம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அங்கிருந்து நேரே குப்பத்துக்குப் போனேன். தேசம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அவள அடிச்சிருக்க மாட்டேனே மிஸ்" என்றாள்.

அலமாரிச் சாவி தாளாளரிடம். கையெழுத்துப் பிரதியை அச்சகத்தில் தொலைத்துவிட்டார்கள். ஆனால் புத்தகம் முப்பத்தாறு கழுத்தில் தொங்கிக்கொண்டுதானே இருந்தது! மதியம் சாப்பிட்டதும் நாலாம் வகுப்பு முழுவதையும் சைக்கிள் ஷெட்டில் எண் வரிசையில் உட்கார வைத்தேன். ஒன்றிலிருந்து தொடங்கச் சொன்னேன்.

நான் எழுதிய புத்தகத்தை நானே அப்போதுதான் முழுதாகக் காதால் கேட்டேன். பிள்ளைகளும்தான். எட்டாம் பக்கத்துக்காரன் ஒரு வருடமாக ஒரு லாரியை எளாவூர் சோதனைச் சாவடியில் நிறுத்தியே வைத்திருந்தான். ஒன்பதாம் பக்கத்துக்காரி வாய் திறந்ததும், "அய்ய, பேப்பர் பாக்கத்தான் நிறுத்தனாங்களா? நான் ஆக்ஸிடன்ட்டுன்னு நெனச்சிகினு இருந்தேன்!" என்று கத்தினான். ஷெட்டே சிரித்தது. பதினேழு வந்தது. நித்யா 'ஏரிக்குள்' என்று நிறுத்த, கௌசி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "கடல் நீர் வராது, இறாலும் மீனும் குறைந்துவிடும்" என்று முடித்தாள். நித்யா என்னைப் பார்த்தாள். சொல்லு என்றேன்.

"தண்ணி சூடாயிடும் கௌசி. ஆழமே இருக்காது, படகு தட்டும். எங்க அப்பாலாம் ஆந்திரா பக்கம் கூலிக்குப் போவாங்க. அதெல்லாம் உன் பக்கத்துல இல்ல."

உண்மைதான், இல்லை. எனக்குத் தெரியாததால் நான் எழுதவில்லை. மூன்று வாரமும் இது நடந்தது. யாரையும் நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். வகுத்தலின் நான்கு ஸ்டேஷனையும் ஆளுக்கு ஆள் மாற்றி விளையாடினார்கள். கௌசிதான் நித்யாவுக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்தாள், கடன் வாங்குவது உட்பட.

நித்யாவுக்கு இடம் கிடைத்தது.

கதை இங்கே முடிந்தால் நான் நல்லவள். முடியவில்லை. ஒரு வாரத்தில் நெடுஞ்சாலைத் திருப்பத்தில் பெரிய பேனர். நித்யா படம், மூலையில் தாளாளர் கை கூப்பியபடி. "எங்கள் பாடத்திட்டத்தின் சாதனை! ஒவ்வொரு குழந்தையும் ஒரு நிபுணர்!" அந்த மே மாதக் குழுவில் அவர் நித்யா என்று ஒரு கட்டம் போட்டு, அதிலிருந்து மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் அம்பு விட்டார். ஒரு பக்க முறை இரண்டுக்கும் விரிந்தது. யாராவது பெற்றோர் சந்தேகமாகக் கேட்டால், "நித்யா எப்படிப் போனா?" என்று பேனரைக் காட்டினால் போதும். ஒருத்தியைக் காப்பாற்றப் போய் அவருக்கு ஓர் ஆதாரத்தைச் செய்து கொடுத்துவிட்டேன்.

சைக்கிள் ஷெட்டையும் அவர் பார்த்திருந்தார். அதையும் திட்டத்தில் சேர்த்தார்: 'பரஸ்பரக் கற்றல், 12.50 முதல் 1.00 வரை'. யார் யாருக்கு எந்தப் பக்கம் சொன்னார்கள் என்று எழுத ஒரு படிவம், அதற்கு ஒரு கையெழுத்து. இரண்டாவது வாரமே பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். படிவம் மட்டும் ஒழுங்காக நிரம்பியது. சார்ட்டை எழுதியது நான்தான். ராஜினாமா செய்தேன் என்று எழுதலாம், மலரில் நன்றாக இருக்கும். நான் ஸ்கெட்ச் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன்.

போன மாதம் மீஞ்சூர் பஸ் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நீலக் கோட்டு, கழுத்தில் நாடா, நாடாவில் பிளாஸ்டிக் உறைக்குள் அட்டை. ஒரு பெண் கூட்டத்திலிருந்து ஓடி வந்தாள்.

"மிஸ்! தெரிதா மிஸ்? நான் கௌசி. பதினெட்டாம் பக்கம்."

எனக்கு அவள் முகத்தைவிட அந்தப் பக்கம்தான் முதலில் ஞாபகம் வந்தது. "எங்கம்மா வேல?"

"போனுக்கு பார்ட்ஸ் பண்றாங்க மிஸ். குட்டியூண்டு ரப்பர் ஒன்னு வரும், அத ஒட்டணும். நாள் பூரா அதான்."

"அது எதுக்கு ஒட்டறாங்க?"

"தெர்ல மிஸ். அது அடுத்த டேபிளு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நித்யா கல்லூரியில் படிக்கிறாளாம், மாதம் ஒரு தடவை போன் பேசுவாளாம். "அவுளுக்கு ஏரிக்குள்ளன்றதுக்கு அப்புறம் இன்னான்னு சொல்லிக் குடுத்ததே நாந்தானே மிஸ். மைனஸ் போடறதும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

"ஞாபகம் இருக்கும்மா."

"அந்த வருஷம் எங்கம்மாவும் என்னை நித்யா போன அதே ஸ்கூலுக்கு இட்டுகினு போனாங்க. உங்களுக்குத் தெரியாது. நானும் பதினெட்ட கரெக்டா சொல்ட்டு வந்தேன்." பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஏறப் போனவள் படியில் திரும்பி, கோபமே இல்லாமல், உண்மையாகத் தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள்: "எனக்கு ஏன் மிஸ் நீங்க லெட்டர் எழுதல?"

அவளுக்கும் சான்று எழுதியவள் நான்தான். அந்த ஏப்ரலில் மொத்தம் நான்கு எழுதினேன். வராந்தாவில் வந்து கேட்டது ஒருத்தியின் அம்மா மட்டும்தான்.

"பஸ் கெளம்பிடும் பாரும்மா, ஏறு" என்றேன்.

ரம்யா, நீ கேட்ட கதை இதுதான். ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டது, தெரியும். இடம் போதாவிட்டால் என் போட்டோவை எடுத்துவிடு, பயிற்சிக் காலம், குதிரையேற்றம் எல்லாவற்றையும் எடுத்துவிடு. யோகா மாஸ்டரின் பக்கத்தைக் கேட்டு வாங்க முடிந்தால் வாங்கு. கௌசி படியில் நின்று கேட்டதை மட்டும் வெட்டாமல் போடு. அவளுக்கு மலரில் ஒரு பிரதி அனுப்ப வேண்டும், முழுப் புத்தகமாக.